அருவா ஊர்க்காரன்

2006 ஜூன். அம்பத்தூரில் ஒரு கம்பெனிக் கிடங்கில் கணக்குப் பார்க்கும் வேலை. முதல் நாள் மதியம், டிபன் பாக்ஸைத் திறப்பதற்குள் பிரிவுத் தலைவர் கேட்டுவிட்டார்.

“எந்த ஊருப்பா?”

“திருநெல்வேலி பக்கம் சார். களக்காடு.”

“அய்யய்யோ! அருவா எடுத்துட்டு வந்திருக்கியா?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்ததோடு விட்டிருந்தால் பரவாயில்லை. சட்டைக் காலருக்குப் பின்னால் கையை விட்டு, சினிமாவில் உருவுவார்களே, அப்படி ஒன்றை உருவிக் காட்டினேன். இன்னும் பெரிய சிரிப்பு. புது இடத்தில் முதல் நாளே எல்லோருக்கும் என் பேர் தெரிந்துபோனது. பேர் என்றால் அப்பா வைத்த பேர் இல்லை. ‘நெல்லை’. அடுத்த நாலு வருடம் அந்த அலுவலகத்தில் எனக்கு அதுதான் பேர்.

எங்கள் வீட்டில் அருவா உண்டு. பொய் சொல்வானேன், நாலைந்து உண்டு. தொழுவத்துக் கூரையில் செருகியிருக்கும். வாழைக்குச் சருகு கழிக்க ஒன்று, தார் வெட்ட ஒன்று, விறகு கீற வெட்டருவா, கதிர் அறுக்கப் பல் வைத்த பன்னருவா. பனையேறுகிறவர்கள் வீட்டில் பாளை சீவ என்றே தனியாக ஒன்று இருக்கும். அதை வேறு யாரும் தொட விடமாட்டார்கள். காலரிலிருந்து அருவா உருவும் சினிமாக் காட்சியை ஒருமுறை அப்பாவிடம் சொன்னேன். அவர் தார் வெட்டிக்கொண்டே, “முதுகுலயா சொருகுவான்? குனிஞ்சாம்னா கழுத்து அறுந்துரும்லா” என்றார். தொழில் தெரிந்தவருக்கு அந்தச் சந்தேகம்தான் முதலில் வருகிறது. இத்தனைக்கும் அருவாவுக்கென்றே பேர்போன ஊர் திருப்பாச்சேத்தி. அது இருப்பது சிவகங்கை மாவட்டத்தில். அருவா அவர்களுடையது, பேர் மட்டும் எங்களுக்கு.

சரி, விளையாட்டுக்குத்தானே என்று நானும் நினைத்தேன். நாலாவது வருடம்தான் அதன் விலை தெரிந்தது.

லாரி வாடகை பில்களைச் சரிபார்ப்பது என் வேலை. ஒரு ஒப்பந்தக்காரர் ஒரே நடையை இரண்டு தேதியில் போட்டு இரண்டு முறை பணம் வாங்கியிருந்தார். ஒன்றல்ல, ஏழு நடை. கேட் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு அவரிடம் கேட்டேன். அவர் சத்தம் போட்டார், நானும் சத்தம் போட்டேன். கிடங்கில் அன்றாடம் நடக்கிற சங்கதிதான். அப்போது பக்கத்து மேசையிலிருந்து ஒருவர், “அண்ணே, பாத்துப் பேசுங்க, அவன் திருநெல்வேலிக்காரன்” என்றார். உடனே எல்லோருக்கும் சிரிப்பு. ஒப்பந்தக்காரரும் சிரித்தபடி, கையைக் கூப்பி, “ஆமாப்பா, நமக்கு எதுக்கு வம்பு” என்று எழுந்து போய்விட்டார்.

அந்த ஒரு நிமிஷத்தில் பேச்சு பில்லை விட்டு என் கோபத்துக்குத் தாவிவிட்டது. மேலதிகாரி என்னை உள்ளே கூப்பிட்டு ஏழு நடையைப் பற்றிக் கேட்கவில்லை. “கொஞ்சம் கோபத்தைக் கட்டுப்படுத்திக்கணும்ப்பா, உங்க ஊர் மாதிரி இல்ல இது” என்றார். அந்த வருட மதிப்பீட்டில் ‘உணர்ச்சிவசப்படுபவர்’ என்று ஒரு வரி ஏறியது. என்னைவிடப் பெரிய குரலில் கத்துகிற தஞ்சாவூர்க்காரர் ஒருவர் அங்கே இருந்தார். அவர் கத்தினால் “பாவம், வேலைப் பளு” என்பார்கள். அவர்மேல் எனக்கு இன்றைக்கும் வருத்தமில்லை, நல்ல மனுஷர். ஆனால் அன்றைக்கு ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தபோது ஒன்று புரிந்தது. காலரில் கைவிட்டு உருவிக் காட்டினேனே, அந்த அருவாவைத்தான் நாலு வருடம் கழித்து என்மேலேயே வீசியிருக்கிறார்கள். கையில் எடுத்துக் கொடுத்தவன் நான்.

புதிதாக வெளியூர் வேலைக்குப் போகும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். ஊரைக் கேலி செய்தால் சண்டை போட வேண்டாம், முறைக்க வேண்டாம். ஆனால் நீங்களே அந்த வேஷத்தைக் கட்டி ஆடாதீர்கள். “எங்க வீட்ல வாழைத்தார் வெட்ட வச்சிருக்கோம் சார்” என்று நிஜத்தைச் சொல்லிவிட்டுச் சாப்பாட்டைப் பிசையுங்கள். கேலிக்கு அதற்கு மேல் தீனி கிடைக்காது. நியாயமாகக் கோபப்பட வேண்டிய ஒரு நாள் கட்டாயம் வரும். அன்றைக்கு உங்கள் கோபம் உங்கள் கோபமாகவே கணக்கில் வர வேண்டும்.

பதிலுக்குப் பெருமை பேசுவதும் உதவாது. அதையும் செய்து பார்த்தேன். பாளையங்கோட்டையைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்ஃபோர்டு என்பார்கள், பாரதியும் புதுமைப்பித்தனும் படித்தது எங்கள் ஊர் இந்துக் கல்லூரியில், கால்டுவெல் அரை நூற்றாண்டு இருந்தது இடையன்குடியில், அவருடைய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணப் புத்தகம் 1856-ல் வந்தது என்றெல்லாம் ஒருநாள் மூச்சுவிடாமல் அடுக்கினேன். கேட்டுக்கொண்டிருந்தவர் பொறுமையாக, “சரிதான், அறிவாளியும் உண்டு, அரிவாளும் உண்டு” என்றார். நல்ல ஜோக். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதோடு அந்தப் பட்டியலை விட்டேன்.

அடுத்து, பேச்சு. எங்கள் ஊர்த் தமிழ் வேகமானது, குரல் மேலே ஏறி இறங்கும். ‘ஏல’ என்பது கோபத்திலும் வரும், கொஞ்சலிலும் வரும். ஆச்சி பேரனை மடியில் போட்டுக்கொண்டு “ஏல, எங்கல போன என் ராசா” என்பாள். சேக்காளிக்குள் ‘ஏல’, கொஞ்சம் தள்ளிய பழக்கமென்றால் ‘வே’, மரியாதைக்கு ‘அண்ணாச்சி’. இந்த ஏணி தெரியாதவர் காதில் விழுவது சத்தம் மட்டும்தான். ஒருமுறை அலுவலக மாடிப்படியில் நின்று தம்பியிடம் போனில் பேசிவிட்டுத் திரும்பினால் இரண்டு பேர் கவலையாகப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். “வீட்ல ஏதாவது பிரச்சினையா?” ஏத்தன் வாழைத்தாருக்கு என்ன விலை போகுது என்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஓணம் நெருங்கும் சமயம், கேரளத்து வியாபாரிகள் வந்து வாங்கும் நேரம், விலை ஏறியிருந்தது. சந்தோஷப் பேச்சு அது.

அதற்குப் பிறகு சில மாதம் சென்னைத் தமிழ் பேச முயன்றேன். கேட்பவர்களுக்கும் சிரிப்பு, எனக்கும் நாக்கு ஒத்துழைக்கவில்லை. கடைசியில் சொல்லை மாற்றவில்லை, வேகத்தை மட்டும் குறைத்தேன். வாக்கிய முடிவில் குரலை இறக்கப் பழகினேன். ‘அங்கன’, ‘இங்கன’, ‘பைய’ எல்லாம் அப்படியே இருக்கின்றன. போதுமானதாக இருந்தது.

2010-ல் கல்யாணம். வீடு தேடி அலைந்த கதைதான் எனக்கு அதிகம் கற்றுக் கொடுத்தது. கொரட்டூர் பக்கம் ஒரு வீடு. மாடிப்படி கட்டிய விதமே பிடித்துப்போனது, தண்ணீர் வசதி, ஸ்டேஷனுக்கு நடந்து போகிற தூரம். வீட்டுக்கார அம்மா காபியெல்லாம் கொடுத்தார்கள்.

“சொந்த ஊரு எது தம்பி?”

“திருநெல்வேலிங்க.”

“டவுனா, உள்ளயா?”

“உள்ள. களக்காடு.”

“ஓ. அந்தப் பக்கம்னா... நீங்க...?”

அந்த ‘நீங்க’ அப்படியே காற்றில் நின்றது. மீதியை நான் நிரப்ப வேண்டும். நிரப்பவில்லை. “கணக்குப் பிரிவுல இருக்கேங்க” என்றேன். மறுநாள் தரகர் போன் செய்து, அவர்கள் சொந்தக்காரர் யாரோ வருகிறாராம், வீடு இல்லையாம் என்றார். அடுத்த மாதம்கூட அந்த வாசலில் ‘வாடகைக்கு’ பலகை தொங்கிக்கொண்டிருந்தது.

ஊரைக் கேட்பதில் பாதி, சாதியைக் கேட்பது. எந்த ஊர், அதில் எந்தப் பக்கம், எந்தத் தெரு, யார் கோயில் பக்கத்தில் என்று போகும். நேராகக் கேட்டால் அநாகரிகம், ஊர் வழியாகக் கேட்டால் விசாரிப்பு. இதைப் படிக்கும்போது உங்களுக்கும் என்னைப் பற்றி அந்தக் கேள்வி வந்திருக்கும். சொல்லப் போவதில்லை. இதை மட்டும் சொல்கிறேன்: எங்கள் வீட்டுக்கு இரண்டு ஏக்கரும் ஒரு கிணறும் உண்டு. எங்கள் தெருவுக்கும் காலனிக்கும் நடுவில் ஒரு ஓடை உண்டு. நான் ஓடைக்கு இந்தப் பக்கத்தில் பிறந்தவன்.

மூன்றாவது வீடு கிடைத்தது. கிடைக்க வைத்தவர் என் பழைய மேன்ஷன்காரர். “நாலு வருஷம் எங்கிட்ட இருந்தாரு, ஒரு மாசம் வாடகை தள்ளினதில்ல” என்று போனில் ஒரு வார்த்தை சொன்னார். அதற்கு முன்னால் என் சம்பளச் சீட்டு, கம்பெனிக் கடிதம், எதுவும் அந்த வேலையைச் செய்யவில்லை. ஆகவே வீட்டைக் காலி செய்யும்போது பழைய வீட்டுக்காரரிடம் நல்லபடியாகக் கணக்கு முடித்து, “யாராவது கேட்டால் உங்கள் நம்பரைக் கொடுக்கலாமா” என்று கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தரகரிடம் ஊரை முதலிலேயே சொல்லிவிடுங்கள். மறுக்கப் போகிறவர் வீட்டுக்கு ஆட்டோ பிடித்துப் போய்க் காபி குடித்துவிட்டு வருவது மிச்சமாகும். மறைத்து நுழைவது மட்டும் வேண்டாம். ஆறு மாதம் கழித்து ஊரிலிருந்து அம்மா வந்து வாசலில் நின்று “ஏட்டி, கதவத் தொற” என்று மருமகளைக் கூப்பிட்டால் எல்லாம் வெளியே வந்துவிடும்.

அந்தச் சமயத்தில் எங்கள் அலுவலகத்தில் மேலப்பாளையத்துக்காரர் ஒருவர் சேர்ந்தார். திருநெல்வேலியிலேயே முஸ்லிம்கள் அதிகம் இருக்கிற பகுதி அது. ஒரே ஊர்க்காரன் கிடைத்தான் என்று எனக்குக் கொண்டாட்டம். வீடு தேடிய என் புலம்பலை அவரிடம் கொட்டினேன். கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்: “அண்ணாச்சி, உங்களுக்குச் சென்னைல வந்துதான இது? எனக்குத் திருநெல்வேலிலயே உண்டும். பாளையங்கோட்டைல வீடு கேட்டுப் போனா, ‘மேலப்பாளையமா’ன்னு ஒரு இழுவை இழுப்பாங்க பாருங்க. அதனால ஜங்ஷன் பக்கம்னு சொல்லிப் பழகிட்டேன்.”

எனக்குப் பேச்சு வரவில்லை. அந்த இழுவை எனக்குத் தெரியும். கல்லூரி நாட்களில் நானே இழுத்திருக்கிறேன்.

சென்னைக்காரர் திருநெல்வேலியைச் சொல்கிறார். நெல்லை டவுனில் இருப்பவர், “அதெல்லாம் டவுன்ல கிடையாதுங்க, கிராமத்துப் பக்கம்தான்” என்கிறார். களக்காட்டில் கேட்டால் நாங்குநேரிப் பக்கம் என்போம். நாங்குநேரியில் கேட்டால் இன்னொரு கிராமத்தின் பேர் வரும். அந்தக் கிராமத்தில் கேட்டால் ஒரு தெரு. கடைசியாகக் கை நீட்டப்படும் இடம் எப்போதும் ஓடைக்கு அந்தப் பக்கம். அங்கே இருப்பவர்களுக்குக் கை நீட்ட அப்புறம் ஊர் இல்லை. அப்பழி வேறு எந்த இடத்தில் தங்கும்?

எங்கள் சீமைக்கு மட்டும் ஏன் இவ்வளவு கெட்ட பேர் என்று பிறகு கொஞ்சம் படித்துப் பார்த்தேன். பழைய கதை ஒன்று இருக்கிறது. கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டது 1799 அக்டோபரில். அடுத்த பாளையக்காரர் போர் முடிந்த கையோடு, 1801 டிசம்பரில், இந்தத் தெற்கத்திச் சீமைகளில் யாரும் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்று கிழக்கிந்தியக் கம்பெனி உத்தரவு போட்டது. கோட்டைகளை இடித்தார்கள். எழுபது வருடம் கழித்து, 1871-ல், வடக்கே குற்றப் பரம்பரைச் சட்டம் பிறந்தது. 1911-ல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு குழந்தை இன்ன சாதியில் பிறந்ததாலேயே குற்றவாளி என்று எழுதிவைத்த சட்டம். தென் மாவட்டங்களில் கைரேகைச் சட்டம் என்றால் இன்றும் வயசாளிகளுக்குத் தெரியும். சென்னை மாகாணத்தில் அதை எடுத்தது 1947-ல்தான். தன்னை எதிர்த்த சீமையை ‘முரட்டுச் சீமை’ என்று எழுதிவைப்பது ஆள்கிறவனுக்கு வசதி. காகிதத்தில் ஏறியது வாயில் ஏறியது, பிறகு திரையில் ஏறியது.

இதைச் சொல்லி ஆறுதல் பட்டுக்கொள்ளலாம் என்றால், எங்கள் ஆட்கள் அந்தப் பட்டத்தைத் திருப்பிக் கொடுத்தவர்களும் இல்லை. ‘வீரம் விளைந்த மண்’ என்று சுவரொட்டி ஒட்டி மீசையை முறுக்கிக்கொள்கிறோம். வேறு ஊர்க்காரன் ‘முரடன்’ என்கிறான், நாம் ‘வீரன்’ என்கிறோம். சரக்கு ஒன்றுதான்.

1997-ல் நான் எட்டாம் வகுப்பு. அரசு பஸ்களின் பக்கவாட்டில் தலைவர்கள் பெயரில் போக்குவரத்துக் கழகத்தின் பேர் எழுதியிருக்கும். எங்கள் பக்கத்து பஸ்ஸில் கட்டபொம்மன் பேர். அந்த வருடம் வேறொரு கழகத்துக்கு, பட்டியல் சாதியில் பிறந்த கட்டபொம்மனின் தளபதி வீரன் சுந்தரலிங்கம் பேரை வைக்க, அதில் வெடித்தது கலவரம். கடைசியில் மாவட்டங்களுக்கும் கழகங்களுக்கும் வைத்த தலைவர் பேர்கள் அத்தனையையும் அரசு எடுத்துவிட்டது. பஸ்ஸில் பேர் இருந்த இடத்தில் பெயின்ட் அடித்திருந்தது மட்டும் எனக்கு ஞாபகம். பள்ளிக்கூடத்தில் பையன்கள் மணிக்கட்டில் கலர் கலராகக் கயிறு கட்டுவதும் உண்டு. எந்தக் கலர் எந்தச் சாதிக்கு என்று கணக்கு வாத்தியார் உட்பட எல்லோருக்கும் தெரியும். நானும் கட்டியிருந்தேன். அம்மா கோயில் கயிறு என்று நினைத்திருப்பாள். இல்லை, அம்மாவுக்கும் தெரிந்திருக்கும்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ப்ளஸ் டூ படித்த பட்டியல் சாதி மாணவர் ஒருவரை, அவர் வீட்டுக்குள் ராத்திரி புகுந்து, கூடப் படித்தவர்களே வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். எடுத்து வந்தது அருவா. எங்கள் களக்காடு இருப்பதும் அதே நாங்குநேரி தாலுகாவில்தான். மறுநாள் அலுவலகத்தில் (அதற்குள் வேறு கம்பெனி, வேறு ஆட்கள்) ஒருவர் செய்தித்தாளை மடக்கியபடி, “என்ன சார், உங்க ஊரு?” என்றார். அவர் கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார்.

அன்றைக்கு என்னிடம் இரண்டு பதில் தயாராக வந்தன. ஒன்று, “எங்க ஊர் இல்ல சார், அது அந்தப் பக்கம்.” இன்னொன்று, “எல்லா ஊர்லயும் நடக்குது, எங்களை மட்டும் சொல்றீங்க.” இரண்டும் நாக்கு நுனிவரை வந்தன. பதினேழு வருடமாக நான் தேய்த்துத் தேய்த்துக் கூர்மையாக்கி வைத்திருந்த பதில்கள். ஆனால் என் மணிக்கட்டு ஞாபகம் வந்தது. “ஆமா சார், எங்க தாலுகாதான். நான் படிச்சப்பவே பள்ளிக்கூடத்துல கயிறு கட்டுவோம்” என்றேன். அவருக்குக் கயிறு புரியவில்லை. உட்காரவைத்துச் சொன்னேன். அரை மணி நேரம் ஆனது. ‘அருவா’ என்ற சொல் ஒரு தடவைதான் வந்தது. மற்றபடி பெஞ்சு, டீக்கடை, ஓடை, தேர் எந்தத் தெரு வழியாகப் போகும், போகாது, இதெல்லாம்தான். கடைசியில் அவர் தன் ஊரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். அது வட மாவட்டம். அங்கே அருவா இல்லை, ஓடை உண்டு.

அன்று தெளிந்த விஷயம் ஒன்று. ‘திருநெல்வேலிக்காரன் கோபக்காரன்’ என்று சொல்லும்போது வெட்டியது யார், வெட்டுப்பட்டது யார், எதற்காக என்ற மூன்றும் காணாமல் போய்விடுகின்றன. தண்ணீர் அப்படி, மண் அப்படி, ரத்தம் அப்படி. தாமிரபரணித் தண்ணீரை வெட்டியவனும் குடிக்கிறான், வெட்டுப்பட்டவனும் குடிக்கிறான். அந்த வழக்குக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கலர் கயிறு கூடாது, பள்ளிப் பெயர்களில் சாதிப் பெயர் கூடாது, மாணவர்களை அகர வரிசையில் உட்கார வையுங்கள் என்று பரிந்துரைத்தது. கயிறு, பெயர்ப்பலகை, பெஞ்சு. இவை மாற்றக்கூடிய விஷயங்கள். ரத்தத்தை யாராலும் மாற்ற முடியாது, அதனால் ரத்தம் என்று சொல்லிவிட்டால் யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. அந்த மாணவர் அடுத்த வருடமே தேர்வு எழுதி 600-க்கு 469 வாங்கினார். ‘உங்க ஊர்தானே’ என்று அதற்கு என்னிடம் யாரும் வரவில்லை.

கணக்குக்காரன் என்பதால் ஒரு சின்னக் கணக்கும் சொல்லிவிடுகிறேன். ‘இந்த மாவட்டத்தில்தான் கொலை அதிகம்’ என்று யாராவது பட்டியலைக் காட்டினால், முதலில் அது மொத்த எண்ணிக்கையா, லட்சம் பேருக்கு இத்தனையா என்று பாருங்கள். அடுத்து, எல்லை. காவல்துறைக் கணக்கில் நெல்லை மாநகரம் தனி, மாவட்டம் தனி. 1986-ல் தூத்துக்குடி பிரிந்தது, 2019 நவம்பரில் தென்காசி பிரிந்தது. பிரிவதற்கு முன்னாலிருந்த எண்ணையும் பின்னால் வந்த எண்ணையும் பக்கத்தில் வைத்து ‘குறைந்துவிட்டது’ என்று எங்கள் ஆட்கள் சொன்னாலும் நம்பாதீர்கள். செய்தித் தலைப்பையும் கவனியுங்கள். பெருநகரத்தில் ஒரு வெட்டு நடந்தால் பேட்டைப் பேர் வரும், எங்கள் பக்கம் நடந்தால் ‘நெல்லையில் பயங்கரம்’ என்று சீமைப் பேர் முழுசாக வரும். அந்தப் பேட்டைகளின் பாடு இன்னும் மோசம் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. உறைத்த விதம் சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

2016-ல் பணம் கையாளும் ஒரு வேலைக்கு ஆள் எடுத்தோம். விண்ணப்பங்களைச் சலிப்பது என் பொறுப்பு. நல்ல மதிப்பெண் எடுத்த ஒரு பையன், பி.காம்., முகவரி வடசென்னை வியாசர்பாடி. அந்தத் தாளை எடுத்து அடியில் வைத்தேன். கிழிக்கவில்லை, மறுக்கவில்லை. சும்மா அடியில் வைத்தேன். மேலேயிருந்து பன்னிரண்டு பேரைக் கூப்பிட்டோம், ஆள் கிடைத்துவிட்டது. ஒரு வாரம் கழித்துக் கோப்பை ஒழுங்கு செய்யும்போது அந்தத் தாள் கையில் தட்டுப்பட்டது. கொரட்டூர் அம்மா கொடுத்த காபியின் ருசி அப்படியே தொண்டையில் வந்தது. அந்தப் பையன் என்ன ஆனான் என்று எனக்குத் தெரியாது. நான் கூப்பிடவும் இல்லை.

அதன் பிறகு செய்தது இவ்வளவுதான். விண்ணப்பங்கள் என்னிடம் வருமுன் பேர், முகவரி, சொந்த ஊர் இருக்கும் முதல் பக்கத்தை உதவியாளர் எடுத்துவிட்டு ஒரு எண் போட்டுத் தருவார். நேர்காணலுக்குக் கூப்பிடுவது முடிவான பிறகுதான் முதல் பக்கம் வரும். மேலிடத்தில் சொல்லி விதியாக்கவெல்லாம் இல்லை, என் மேசையில் மட்டும். பெரிய மனசெல்லாம் தேவையில்லை. என் கை தானாக எங்கே போகும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது, அதனால் அது எட்டாத இடத்தில் வைத்தேன்.

போன வருடம் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். தார் ஏற்ற இப்போது எங்கள் பக்கமும் வடநாட்டுப் பிள்ளைகள்தான். அம்மா சாயங்காலம் தொழுவத்தைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்தாள். தொழுவத்துக்குப் பூட்டு போட்டு நான் பார்த்ததே இல்லை.

“என்னம்மா புதுசா?”

“அவனுவ எந்த ஊருன்னே தெரியல. சண்டைக்காரப் பயலுவன்னு சொல்லுதாவ. உள்ள அருவா கெடக்குல்லா.”

அப்பா திண்ணையிலிருந்து சத்தமில்லாமல் சிரித்தார். நானும் அம்மாவிடம் எதுவும் வாதாடவில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு அந்தப் பிள்ளைகளில் ஒருவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து எந்த ஊர் என்று கேட்டோம். பீகாரில் ஒரு மாவட்டப் பேர் சொன்னான். சொல்லிவிட்டு எங்கள் முகத்தை ஒரு கணம் பார்த்தான். அந்தப் பார்வை எனக்குத் தெரியும்.

திரும்பும்போது அப்பாவும் கூடவே சென்னைக்கு வந்தார். பேரனைப் பார்க்க. ஒரு தார் கதலி, ஒரு சாக்கில் தேங்காய். வீட்டுக்கு வந்து சாக்கைப் பிரித்தால், வாழைச் சருகில் சுற்றி, சணல் கயிறு கட்டி, புத்தம் புதிதாக ஒரு அருவா. பட்டறையில் சொல்லி அடித்தது.

“எதுக்குப்பா இது?” எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆம்னி பஸ்ஸில் தலைக்கு மேல் இத்தனை தூரம் வந்திருக்கிறது.

“ஒன் பொண்டாட்டி தேங்காயைத் தரையில அடிச்சு ஒடைக்கா. கண்றாவியா இருக்கு. அதான்.”

அப்பா ஊருக்குப் போன மறுநாள், மேல் வீட்டு அக்கா பலாப்பழம் ஒன்றை வாங்கிவிட்டு எப்படி வெட்டுவது என்று விழித்துக்கொண்டிருந்தார்கள். என் மனைவி கொஞ்சமும் யோசிக்காமல் அதை எடுத்துக் கொடுத்துவிட்டாள். மாதக்கணக்காகிறது. அவர்கள் இன்னும் திருப்பித் தரவில்லை. எனக்குக் கேட்கவும் யோசனையாக இருக்கிறது. படியேறிப் போய்க் கதவைத் தட்டி, “அக்கா, அந்த அருவாவ எடுங்க” என்று திருநெல்வேலிக்காரன் எப்படிக் கேட்பது?